வளரிளம் பருவத்தில் தலையின் வடிவம்: செய்யக்கூடியதும் வேண்டாததும்

பதின்மூன்று, பதினான்கு வயதில் முடியைக் குட்டையாக வெட்டிய பிறகே, தலையின் பின்புறம் ஒருபக்கம் தட்டையாக இருப்பதைப் பல பிள்ளைகள் கவனிக்கின்றனர். அதன்பின் தொப்பியைக் கழற்ற மறுப்பதும் புகைப்படத்துக்கு நிற்காமல் ஒதுங்குவதும் நேரலாம். இந்நிலையில் என்ன செய்யலாம் என்று கேட்கும் பெற்றோருக்காக இவ்விளக்கத்தைத் தருகிறோம்.

பிறந்த குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் மென்மையானவை. அவற்றின் பொருத்துகள் இன்னும் இறுகாதவை. குழந்தை ஒரே பக்கமாகத் தலைவைத்துப் படுத்தாலோ, கழுத்துத் தசை ஒருபுறம் இறுகியிருந்தாலோ அப்பக்கம் தட்டையாகும். பெரும்பாலோருக்குக் காரணம் இதுவே. இத்தட்டை மூளையை அழுத்துவதில்லை. குழந்தையை மல்லாந்து படுக்கவைத்தது தாயின் பிழையும் அன்று. திடீர்ச் சிசு மரணத்தைத் தவிர்க்க மருத்துவர்களே அவ்வாறு அறிவுறுத்துகின்றனர்.

தலையைச் சீராக்கும் தலைக்கவசம் இப்போது உதவுமா என்று பலர் கேட்கின்றனர். உதவாது. அது எலும்பை அழுத்தித் திருத்துவதில்லை. வளரும் தலையைச் சரியான திசையில் வளரவிடுகிறது. ஆகவே ஏறத்தாழ 4 முதல் 12 மாதம் வரையிலேயே அது நன்கு பயன்படும். இரண்டு வயதுக்குள் மூளை தன் முழு அளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. எண்ணெய் தேய்த்து உருவுவதாலும் இவ்வயதில் எலும்பின் வடிவம் மாறாது.

முதலில் தெளிவுபெற வேண்டியது ஒன்று: இது வெறும் வடிவமா, நோயின் அறிகுறியா? சிலருக்கு மண்டையோட்டுப் பொருத்து ஒன்று முன்கூட்டியே மூடிக்கொண்டிருக்கலாம். வேறு சிலருக்கு எலும்பில் கட்டி வளரலாம். காலையில் தலைவலியும் வாந்தியும், பார்வை மங்கல், புதிதாகத் தோன்றிய அல்லது பெரிதாகிவரும் புடைப்பு ஆகியவற்றுள் எது இருப்பினும் தாமதமின்றி மருத்துவரிடம் வாருங்கள். தேவையெனில் கண் நரம்புப் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் செய்யப்படும்.

நோய் ஏதுமில்லை எனில் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, அப்படியே விட்டுவிடுதல். தக்க முடிவெட்டு பெரும்பாலான தட்டைகளை மறைத்துவிடும். மனம் வாடும் பிள்ளைக்கு உளவியல் ஆலோசனை துணைசெய்யும். இரண்டாவது, பள்ளமான இடத்தின்மேல் எலும்புச் சிமெண்ட் போன்ற பொருளை வைத்துச் சமன்செய்யும் அறுவை. இதில் தழும்பு, கிருமித் தொற்று, வைத்ததை மீண்டும் அகற்ற நேர்தல் ஆகிய இடர்கள் உண்டு. மண்டையோட்டையே பிரித்து அமைக்கும் பெரிய அறுவை, மூளைக்குள் அழுத்தம் கூடியிருத்தல் போன்ற கடுமையான காரணம் உள்ளவர்களுக்கே உரியது. அழகுக்காக அதனை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

தோற்றத்துக்கான அறுவைக்கு அவசரம் ஏதுமில்லை. 18 வயதுக்குப் பின்னரும் செய்யலாம். ஆகவே அம்முடிவில் பிள்ளையின் விருப்பமே முதன்மையானது. பெற்றோரின் கவலைக்காகப் பிள்ளை அறுவைக்கு இசைய வேண்டியதில்லை. பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்பதற்காக அவசரமாக முடிவெடுக்கவும் வேண்டாம். அக்கேலியை ஆசிரியரிடம் பேசி நிறுத்துவதே முதல் மருந்து. மருத்துவரிடம் வரும்போது குழந்தைப் பருவப் புகைப்படங்களைக் கொண்டுவாருங்கள். தட்டை எப்போது தொடங்கியது என்பதை அவை காட்டும். சிறிது நேரம் பிள்ளை எங்களுடன் தனியே பேசவும் இடங்கொடுங்கள்.