விரதமும் நடையும்
உடற்பயிற்சியை இடைவிடாது காப்பது எப்படி?

சைவ சமயம் உடம்பை இகழ்ந்து ஒதுக்கும் சமயமன்று. திருமூலர் தமது திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்துரைத்ததோடு, உடம்பைப் பேணவேண்டிய காரணத்தையும் எடுத்துக் கூறினார். அப்பர் சுவாமிகள் உழவாரப்படை ஏந்தித் திருமுற்றங்களில் புல் செதுக்கினார். முதிர்ந்த வயதிலும் கயிலை நோக்கி நடந்தார் என்கிறது பெரியபுராணம். உள்ளத்திற்குத் தொண்டாக இருந்தது உடலுக்குப் பயிற்சியாகவும் அமைந்தது.

மாத்தளை மண்ணுக்கும் நடைக்கும் பழைய உறவுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். அது விரும்பி நடந்த நடையன்று. வறுமை நடத்திய நடை. பின்னர் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலும் மலை ஏறி இறங்குவதே பிழைப்பாயிற்று. அவர்களுக்குத் தனியே தேகாப்பியாசம் தேவைப்படவில்லை.

இன்றைய நிலை வேறு. பிள்ளைகள் கடைகளிலும் அலுவலகங்களிலும் அமர்ந்திருக்கின்றனர். சந்திவரை செல்லவும் முச்சக்கரவண்டி வந்துவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மலை ஏறுவதை நிறுத்தினாலும், தட்டில் விழும் சோற்றின் அளவு குறைவதில்லை. இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்கு, மாரடைப்பு, பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய் முதலான தொற்றா நோய்களால் நேர்கின்றன. காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறாமல், ஈற்றில் காலையே இழந்த நீரிழிவு நோயாளர் பலருண்டு.

உடல் அசைவின் பயனை ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. லண்டன் மாநகரின் மாடி பஸ்களில் வேலை செய்தோரை ஆராய்ந்த டாக்டர் ஜெரி மொரிஸ், தமது முடிவுகளை 1953இல் வெளியிட்டார். நாள் முழுதும் ஆசனத்தில் இருந்த சாரதிகளைவிட, படியேறி இறங்கி டிக்கட் கொடுத்த கொண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவே இருந்தது. ஒரே பஸ், ஒரே வீதி. இருப்பவருக்கும் நடப்பவருக்கும் இத்தனை வேறுபாடு.

இதை அறியாதவர் இன்று மிகக் குறைவு. ஆயினும் வைத்தியர் சொன்ன மறுநாள் தொடங்கிய நடை, பத்தாம் நாள் நின்றுவிடுகிறது. மாசிமகத்தில் மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மனின் பஞ்சரதங்களோடு மணிக்கணக்காக நடக்கும் கால்கள், தேர் இருப்பிடம் சேர்ந்ததும் வீட்டுத் திண்ணையைத் தேடுகின்றன. வலிமை இல்லாமையால் அல்ல, ஒழுங்கு இல்லாமையாலேயே நடை நிற்கிறது. அந்த ஒழுங்கைக் கற்க வெளியே தேடவேண்டியதில்லை. விரதம் அனுட்டிக்கும் முறையிலேயே அது இருக்கிறது.

1. சங்கற்பம்: "இனிமேல் நடப்பேன்" என்பது ஆசை. "நாளை முதல் காலை ஐந்தரைக்குக் கோயில் வரை நடந்து திரும்புவேன்" என்பது சங்கற்பம். நேரமும் இடமும் குறிக்கப்பட்டால் மனம் நாள்தோறும் வாதாடாது.

2. பழைய வழக்கத்தோடு சேர்த்தல்: விளக்கேற்றியதும், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பியதும் என ஏற்கெனவே நிலைத்த ஒரு செயலின் பின் நடையை வைத்துக்கொண்டால், ஒன்று மற்றதை நினைவூட்டும்.

3. கூட்டு: கதிர்காமப் பாதயாத்திரையில் தனியே சோர்பவர் கூட்டத்தோடு நடந்து சேர்கிறார். வாசலில் ஒருவர் காத்து நிற்கிறார் என்றால் போர்வை தானே விலகும்.

4. சிறிதாய்த் தொடங்குதல்: முதல் வாரம் பத்து நிமிடம் போதும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பையேனும் பரிந்துரைக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி என்றால் அது நிறைவேறும். அதுவும் ஒரே மூச்சில் வேண்டுமென்பதில்லை. சிறிதும் செய்யாமலிருப்பதைவிடச் சிறிதேனும் செய்வது நன்று.

5. தவறிய நாளைக் கடத்தல்: மழையோ துடக்கோ வந்து ஒருநாள் தவறினால், "எல்லாம் போயிற்று" என்று பலர் கைவிடுகின்றனர். லண்டனில் நடத்தப்பட்டு 2010இல் அச்சில் வந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒரு செயல் பழக்கமாக ஊன்றச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாள் போதுமாயிற்று, வேறு சிலருக்கு 254 நாள்வரை தேவைப்படும் எனக் கணிக்கப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கத்தைக் குலைக்கவில்லை. ஆகவே ஒரு மண்டலம், அதாவது 48 நாள், நடந்தும் இன்னும் கடினமாக இருக்கிறதே என்று வருந்துவோர், இரண்டாம் மண்டலத்தையும் தொடரவேண்டும். விரதத்திற்குப் பாரணை உண்டு; நடைக்கு அது இல்லை.

சில எச்சரிக்கைகளும் அவசியம். நீரிழிவு உள்ளோர் வெறுங்காலுடன் நடத்தலாகாது. திரும்பியதும் பாதங்களைப் பார்த்துக் கழுவித் துடைக்கவேண்டும். இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்போர் சட்டைப்பையில் இனிப்பு வைத்திருத்தல் நன்று. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நின்று வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நாள் முழுதும் மலையில் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு மேலும் நடை சொல்வது நியாயமன்று. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும் சத்துணவும். நடக்கவேண்டியவர் வீட்டில் அமர்ந்திருப்போரே.

தேரின் வடத்தை ஒருவர் ஒருநாள் பலமாக இழுப்பதால் தேர் நகர்வதில்லை. பலர் சேர்ந்து, சிறிது சிறிதாக, விடாது இழுப்பதால் நகர்கிறது. உடல் நலமும் அவ்வாறே. வருகின்ற ஆண்டும் தம் கால்களாலேயே நடந்து வந்து வடம் பிடிக்கும் பேற்றினை அடியார் அனைவரும் பெற அன்னை அருள்பாலிப்பாளாக.