அலமாரி செதுக்கிய கைகள்

ஆள் உயரத்தைத் தாண்டிய ஓர் அலமாரி. முழுவதும் மரம். கீழே இரண்டு கதவுகள். கதவுகளுக்கு மேல் இரண்டு இழுப்பறைகள். அதற்கு மேல் தட்டு, கோப்பை வைக்கத் திறந்த இடம். உச்சியில் இன்னொரு சிறிய அலமாரி. இரு பக்கமும் கடைசல் தூண்கள். கதவுகளில் பழக்கொத்து, இலைக்கொடி, சிங்க முகம்.

இது பிரான்சு நாட்டு அலமாரி. பார்த்தால் நானூறு ஆண்டுப் பழசு போலத் தெரியும். ஆனால் பெரும்பாலானவை 1850க்குப் பிறகு செய்தவை.

இதற்கு 'இரண்டாம் ஹென்றி அலமாரி' என்று பெயர். இரண்டாம் ஹென்றி பிரான்சை 1547 முதல் 1559 வரை ஆண்ட அரசர். இந்த அலமாரியை அவர் பார்த்ததே இல்லை! அவர் இறந்து முந்நூறு ஆண்டுகள் ஆன பிறகு, பிரான்சில் வியாபாரிகளும் ஆலை முதலாளிகளும் பணக்காரர் ஆனார்கள். தங்கள் வீடும் அரண்மனை போல இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். அதனால் பழைய அரசர் காலத்து வேலைப்பாட்டைத் தச்சர்கள் மீண்டும் செய்தார்கள். அரசர் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

1867இல் பாரிஸ் நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. பூர்தினுவா என்பவரின் பட்டறை அங்கே ஓர் அலமாரியை வைத்தது. அது பெரிய பரிசைப் பெற்றது. இலண்டன் அருங்காட்சியகம் ஒன்று 2,750 பவுன் கொடுத்து அதை வாங்கியது. அந்த நாளில் அது மிகப் பெரிய தொகை. இன்றும் அது விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்படி என்ன வேலை அதில்? வழக்கமாகப் பூவையும் உருவத்தையும் தனியாகச் செதுக்கிப் பலகை மேல் ஒட்டுவார்கள். நாளானால் பசை விட்டுப் போகும். பூர்தினுவா பட்டறையில் வேறு வழி கண்டார்கள். கருங்காலிப் பலகையில் உருவத்தின் அளவுக்கு முழுக்கத் துளை வெட்டினார்கள். அந்தத் துளையில் வேறு நிற மரத்தை இறுக்கிப் பொருத்தினார்கள். பிறகுதான் அதைச் செதுக்கினார்கள். உருவம் பலகையோடு பலகையாக நின்றது. ஒரு மயிரிழை பிசகினாலும் பலகை வீண்.

பரிசு பட்டறை முதலாளியின் பெயருக்குப் போனது. உளி பிடித்தவர்கள் பலர்.

அதே பொருட்காட்சியைப் பார்க்கத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அவர்கள் பார்த்ததை அறிக்கையாக எழுதினார்கள். கருவிகள் பற்றி எழுதினார்கள், கூலி பற்றியும் எழுதினார்கள். அந்த அறிக்கைகள் அச்சாயின. தச்சர்கள் எழுதிய அறிக்கையும் அதில் உண்டு.

எல்லாத் தச்சருக்கும் பெரிய பட்டறை வேலை கிடைக்கவில்லை. பாரிஸில் சேன்ட் அந்துவான் என்ற பகுதி மரச்சாமானுக்குப் பேர் போனது. அங்கே பலர் சின்ன அறையில் வேலை செய்தார்கள். மரத்தைத் தாமே வாங்குவார்கள். கடைக்காரர் யாரும் முன்கூட்டியே கேட்டிருக்க மாட்டார். வாரம் முழுவதும் உழைத்து ஒரு சாமானை முடிப்பார்கள். சனிக்கிழமை அதைத் தெருவுக்குக் கொண்டு வருவார்கள். கடை கடையாக விலை கேட்பார்கள்.

கடைக்காரருக்கு அவசரம் இல்லை. தச்சருக்கோ அன்று மாலை வீட்டுக்கு ரொட்டி வாங்க வேண்டும். அலமாரியைத் திரும்பத் தூக்கிப் போகவும் முடியாது. பொழுது சாயச் சாய விலை இறங்கும். கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனவர் பலர்.

பிறகு இயந்திரங்கள் பெருகின. கடைசல் தூணும் சிங்க முகமும் மொத்தமாகச் செய்து வந்தன. அவற்றை ஒட்டினால் அலமாரி தயார். விலை குறைந்தது. சாதாரணக் குடும்பங்களும் கல்யாணத்துக்கு இரண்டாம் ஹென்றி அலமாரி வாங்கின. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தொழிலாளி வீட்டிலும் சிங்க முகம் இருக்கட்டுமே!

1886இல் பாரிஸ் நகராட்சி மரச்சாமான் தொழிலுக்கென்று பூல் பள்ளியைத் தொடங்கியது. உளி வேலையோடு படம் வரையவும் அங்கே கற்றார்கள். படம் வரையத் தெரிந்தவர் அடுத்தவர் கொடுத்த மாதிரியை நம்பி இருக்க வேண்டியதில்லை. பள்ளி இன்றும் நடக்கிறது.

கை வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது? இழுப்பறையை வெளியே எடுக்க வேண்டும். மூலையில் பலகைகள் ஒன்றோடு ஒன்று கோத்திருக்கும். கையால் வெட்டிய பற்கள் ஒரே அளவில் இருக்காது. இயந்திரம் வெட்டியவை அச்சு போல இருக்கும். இரண்டு சிங்க முகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கையால் செதுக்கிய சிங்கங்கள் அண்ணன் தம்பி போல இருக்கும், நகல் போல இருக்காது. பின்பக்கப் பலகையைத் தடவினால் இழைப்புளி போன தடம் விரலுக்குத் தெரியும். முன்பக்கம்தான் வாங்குபவர் பார்ப்பது. பின்பக்கத்துக்கு மெருகு போட யாரும் கூலி கொடுக்கவில்லை.

இப்போது பிரான்சில் சின்ன வீடுகளில் இந்த அலமாரிக்கு இடம் இல்லை. பழைய சாமான் சந்தையில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது.

பேசிப் பாருங்கள்:

சனிக்கிழமை தச்சர்கள் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே விலை சொல்லியிருந்தால் கடைக்காரர் என்ன செய்திருப்பார்?

உங்கள் ஊரில் பொருள் செய்பவர் விலை சொல்கிறாரா, வாங்குபவர் சொல்கிறாரா?