பாஸ்போர்ட்டைச் சாமி மேடையில் வைக்காதீர்கள்

பண்டமாரானில் எங்கள் தாமானில் கல்யாணச் சேலை எடுக்கவேண்டும் என்றால் திருச்சிக்கு டிக்கெட் போடுகிறார்கள். நேர்த்திக்கடன் என்றால் பழனி, அஸ்தி கரைக்க ராமேஸ்வரம். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கிடைக்காத சேலையா என்று நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை. டிக்கெட் மலிவாக வந்த இரவே வாங்கிவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டைத் தேடுவதோ பெட்டி கட்டும் நாளில். அந்த இடைவெளியில் நடக்கும் கூத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுதிவைத்த குறிப்புகள் இவை.

1. பாஸ்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியிலிருந்து ஆறு மாதத்தைக் கழியுங்கள். அதுதான் உங்கள் உண்மையான கடைசித் தேதி. இந்தியா, சிங்கப்பூர், இந்தோனேசியா எல்லாம் உள்ளே நுழையும்போது ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும். என் நாத்தனாருக்கு நாலு மாதமும் சில நாள்களும் மிச்சம் இருந்தன. கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைத் திறந்தாள், விரல்விட்டு எண்ணினாள், தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். முறுக்கு டின்னும் பெட்டியும் அதே காடியில் வீடு திரும்பின. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆளுக்கொரு தேதியை அடுப்படி நாள்காட்டியின் கடைசி அட்டையில் எழுதிவைக்கிறோம். புது நாள்காட்டி மாட்டும்போது அதையும் பெயர்த்து எழுதிவிட வேண்டும்.

2. பத்திரமான இடம் என்று பாஸ்போர்ட்டைச் சாமி மேடையில் வைப்பவர்கள் உண்டு. விபூதி படும், குங்குமம் ஒட்டும், விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விழுந்தால் பக்கம் கண்ணாடிபோல் ஆகிவிடும். கறை படிந்த, நனைந்து உப்பிய, ஓரம் கிழிந்த பாஸ்போர்ட்டைச் சேதமடைந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்ப அதிகாரிக்கு உரிமை உண்டு. உள்ளே சில்லு இருக்கிறது. மலேசியாதான் உலகிலேயே முதன்முதலாக, 1998-இல், சில்லு வைத்த பாஸ்போர்ட்டைக் கொடுத்தது. சில்லு இருப்பதால் ஸ்டேப்ளர் அடிக்கக்கூடாது, மடிக்கக்கூடாது. பழைய பிஸ்கட் டின் போதும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றை உள்ளே போடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

3. புதுப்பிக்கப் பெரியவர்களுக்கு ஐந்தாண்டுப் பாஸ்போர்ட் 200 வெள்ளி. 60 வயது ஆனவர்களுக்கும் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் 100 வெள்ளி. மாற்றுத்திறனாளி அட்டை உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. பெரியவர்கள் குடிநுழைவுத் துறையின் இணையப் பக்கத்திலேயே விண்ணப்பித்துப் பணம் கட்டிவிட்டு, வாங்கிக்கொள்ள மட்டும் அலுவலகம் போகலாம். படம் எடுக்கும் நாளில் வெள்ளைச் சட்டை போடாதீர்கள். பின்னணி வெள்ளை, சட்டையும் வெள்ளை என்றால் தலை மட்டும் மிதக்கும். தோள் மூடிய அடர்நிற உடை வேண்டும்.

4. இனிப் பெயர். நம்மவர்களுக்கு என்றே வந்த தலைவலி இது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே வரியில் வரும். நம் பெயர், அதன்பின் ஏ/எல் அல்லது ஏ/பி, பிறகு அப்பா பெயர். அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான் என்பதன் சுருக்கம் அது என்பது நமக்குத் தெரியும். வெளியூர்க் கணினிக்குத் தெரியாது. படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதுதான் இயந்திரம் படிப்பது. அதில் ஆங்கில எழுத்தும் எண்ணும் அந்த அம்புக்குறியும் தவிர வேறெதற்கும் இடம் கிடையாது. நம் சாய்கோடு அங்கேயே காணாமல் போய்விடும். அதனால் சாய்கோட்டை ஏற்காத படிவத்தில் அதை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எழுத்துகளை அப்படியே எழுதுங்கள்.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்டால் நம் பெயர் முதல் கட்டத்தில், அப்பா பெயர் இரண்டாவதில். என் மூத்தவன் ஒருமுறை டிக்கெட்டில் அப்பா பெயரை விட்டுவிட்டு, வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிட்டான். திருத்த வாங்கிய பணத்தில் இன்னொரு டிக்கெட்டே எடுத்திருக்கலாம். கல்யாணம் ஆன பெண்கள் கணவர் பெயரைச் சேர்க்க ஆசைப்பட்டால், அந்த ஆசையைக் கல்யாணப் பத்திரிகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கட்டும்.

5. டிக்கெட் வாங்குமுன், நாட்டைவிட்டு வெளியேற உங்களுக்குத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். வருமான வரி பாக்கி, திவால் வழக்கு போன்றவற்றால் பெயர் பட்டியலில் ஏறியிருக்கலாம். கடிதம் பழைய வீட்டு முகவரிக்குப் போயிருக்கும். குடிநுழைவுத் துறையின் எஸ்எஸ்பிஐ பக்கத்தில் ஐசி எண்ணைத் தட்டினால் தெரிந்துவிடும், காசு கிடையாது. சின்னதாக லாரி கம்பெனி வைத்து மூடியவர்கள், யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் கட்டாயம் பாருங்கள்.

6. வீட்டில் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அட்டை, வைத்திருக்கும் பாட்டி இருக்கிறாரா? ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி, எங்கள் ஊர்ப் பக்கத்துத் துறைமுகத்தில் இறங்கி, இங்கேயே ஆறேழு பிள்ளை பெற்று வளர்த்தவர்களில் சிலருக்கு இன்றும் சிவப்பு அட்டைதான். அவர்களுக்கு மலேசியப் பாஸ்போர்ட் கிடைக்காது. வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை என்றால், குடிநுழைவுத் துறையில் அடையாளச் சான்றிதழ் என்ற பயணப் பத்திரம் கேட்டு வாங்கவேண்டும். அதை வைத்து இந்தியாவின் இ-விசா எடுக்க முடியாது. இ-விசா பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு மட்டும். பாட்டிக்குப் பழைய முறைப்படி ஒட்டும் விசாதான், அதற்கு நாள் பிடிக்கும். மலேசியாவுக்குத் திரும்பி நுழைய என்ன அனுமதி வேண்டும் என்பதையும் கிளம்புமுன்பே அதே கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பம் முழுக்க டிக்கெட் போட்டபிறகு பாட்டியை மட்டும் விட்டுப்போவது போன்ற பாவம் வேறில்லை.

7. இந்தியாவுக்கு நமக்கு விசா வேண்டும். "அங்கே நம்ம சொந்தக்காரங்க இருக்காங்களே" என்பது காரணமே அல்ல. இ-விசாவைத் தேடினால், அரசு முத்திரைபோல் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஏழெட்டு பக்கங்கள் முதலில் வந்து நிற்கும். சில தரகர் பக்கங்கள், சில வெறும் மோசடி. இந்திய அரசின் பக்கத்து முகவரி ஜிஓவி புள்ளி ஐஎன் என்று முடியும். அப்படி முடியாவிட்டால் அட்டை எண்ணைக் கொடுக்காதீர்கள்.

8. இ-விசாப் படிவத்தை ஒரே மூச்சில் நிரப்பிவிடலாம் என்று உட்காராதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு ஆனபிறகு, மேசையில் இவற்றையெல்லாம் பரப்பிக்கொண்டு தொடங்குங்கள்: அப்பா அம்மா பெயரும் பிறந்த ஊரும், உடம்பில் தெரியும்படியான மச்சமோ தழும்போ, கடந்த பத்து ஆண்டுகளில் போன நாடுகள், முன்பு இந்தியா போயிருந்தால் அந்தப் பழைய விசா எண்ணும் தங்கிய முகவரியும், இந்தியாவில் ஒருவர், இங்கே ஒருவர் என இருவரின் முகவரியும் தொலைபேசி எண்ணும். சித்தப்பா வீட்டு முகவரியை "பஸ் ஸ்டாண்ட் பின்னாடி" என்று போட முடியாது. அஞ்சல் குறியீட்டோடு முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

படம் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில், கண்ணாடி இல்லாமல், 1 எம்பிக்குள் இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டின் படப் பக்கம் பிடிஎஃப் ஆக, 300 கேபிக்குள். கைப்பேசியில் எடுப்பது பெரும்பாலும் இதைத் தாண்டிவிடும், படிவம் ஏற்காது. போட்டோக் கடைத் தம்பியிடம் இந்த இரண்டு அளவையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால் செய்து தந்துவிடுவார். கடைசி நேரம் என்றாலும் நாலு நாள் முன்னதாகவாவது அனுப்பிவிடவேண்டும். 30 நாள் விசாவை ஒரு மாதத்துக்கு முன்பே எடுத்துவைத்துக்கொள்ளவும் முடியாது.

9. 30 நாள் இ-விசா தாளில் இருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். அந்தத் தேதிக்குள் நீங்கள் உள்ளே நுழையவேண்டும் என்பதுதான் அதன் பொருள். 30 நாள், முதன்முதலாக இறங்கிய நாளிலிருந்து ஓடும். இரண்டு முறை நுழையலாம். திருச்சியில் இறங்கி, கொழும்பு போய், மறுபடி சென்னை வந்தால் இரண்டும் தீர்ந்தது. சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் நான்கிலும் இ-விசாவோடு இறங்கலாம்.

10. ஐந்தாண்டு இ-விசா எடுத்தபிறகு பாஸ்போர்ட் முடிந்துவிட்டால் விசா வீணாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். எந்தப் பாஸ்போர்ட்டில் விசா வாங்கினீர்களோ அந்தப் பழையதையும் புதியதையும் சேர்த்து எடுத்துப்போனால் விடுவார்கள். பழைய பாஸ்போர்ட்டைப் பிள்ளைகள் கிறுக்கி விளையாடக் கொடுக்காததற்கு இது ஒரு காரணம்.

11. விசா வேண்டாம் என்றால் எதுவுமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. சிங்கப்பூருக்கு வருகை அட்டை, தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் மின்வருகை அட்டை, இந்தியாவுக்கும் 2025 அக்டோபர் முதல் விசாவோடு கூட ஒரு மின்வருகை அட்டை. எல்லாமே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்புவது, எல்லாமே இலவசம். பணம் கேட்டால் அது போலிப் பக்கம்.

12. பிரிட்டன் 2025 ஜனவரி 8 முதல் நம்மிடம் இடிஏ என்ற முன்னனுமதி கேட்கிறது. ஆஸ்திரேலியாவுக்கும் இடிஏ உண்டு. அமெரிக்காவுக்கு நேர்முகம், விசா, நீண்ட காத்திருப்பு. சீனாவுக்கு 15 நாள் வரை விசா வேண்டாம் என்று 2023 டிசம்பரில் திறந்துவிட்டார்கள், 2025 ஜூலையில் அதை 30 நாள் ஆக்கினார்கள். எங்கள் சீன அண்டை வீட்டு அங்கிள் திறந்த உடனே பூர்வீக ஊரைப் பார்த்துவிட்டு வந்தார். நம் பாஸ்போர்ட்டில் இஸ்ரேலுக்குச் செல்லாது என்றே அச்சிட்டிருக்கும், பெத்லகேம் யாத்திரை போகும் கிறிஸ்துவ நண்பர்கள் முன்கூட்டியே விசாரிக்கவேண்டும்.

13. கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். பிள்ளை தாத்தா பாட்டியோடு மட்டும் போகிறது என்றால், பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் பிறப்புப் பத்திர நகலும் கையில் இருக்கட்டும். யாரும் கேட்காமலே போகலாம். கேட்கும் நாளில் அது இல்லாமல் நிற்கக்கூடாது.

14. படப் பக்கம், விசாத் தாள் இரண்டையும் மூன்று நகல் எடுங்கள். ஒன்று பெட்டியில், ஒன்று கூட வருபவரிடம், ஒன்று பண்டமாரான் வீட்டில். தமிழ்நாட்டு லாட்ஜில் அறை கேட்டதும் முதலில் பாஸ்போர்ட்டும் விசாவும்தான் கேட்பார்கள். வெளிநாட்டவர் தங்கினால் அரசுக்குத் தெரிவிப்பது அவர்கள் கடமை. நகலை நீட்டுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்துவிட்டால் வரிசை இது: முதலில் போலீஸ் புகார், பிறகு சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் அவசரப் பயணப் பத்திரம், பிறகு இந்தியாவின் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி. மூன்றாவது இல்லாமல் இரண்டாவதை மட்டும் தூக்கிக்கொண்டு விமான நிலையம் ஓடி, திரும்பி வந்தவர்கள் உண்டு.

15. விசாத் தாளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இருக்கிறது என்பவர்களின் மின்கலம் வரிசையில்தான் தீரும். கேஎல்ஐஏவில் முனையம் ஒன்றா இரண்டா என்பதையும் டிக்கெட்டில் பாருங்கள், இரண்டும் ஒரே கட்டடம் அல்ல.

16. வாட்ஸ்அப்பில் வருவதை வைத்துப் பயணம் போடாதீர்கள். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை மலேசியர்களுக்கு 30 நாள் இந்திய இ-விசா கட்டணமில்லை என்று ஒரு சலுகை வந்தது உண்மை. அந்தச் செய்தியிலிருந்து தேதியைக் கழற்றிவிட்டு இன்றும் குழுக்களில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் குறிப்புகளுக்கும் அதே விதிதான். கட்டணமும் நாள் கணக்கும் மாறக்கூடியவை. டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் அன்றே, போகும் நாட்டின் அரசுப் பக்கத்தை நீங்களே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.