'ஸ்விஃப்ட், 2010' என்றால் போதாது

'ஸ்விஃப்ட், 2010 மாடல், வாட்டர் பம்ப்' என்று கேட்டால், விவரம் தெரிந்த கடைக்காரர் பெட்டியை எடுக்கமாட்டார். திருப்பிக் கேள்விதான் கேட்பார். அந்த ஒரே வருடத்தில் அந்த ஒரே உருவத்துக்குள் மூன்று இன்ஜின்கள் இருந்தன. 2005-இல் வந்த 1298 சிசி பெட்ரோல், அதன் இடத்துக்கு 2010-இல் வந்த 1197 சிசி கே சீரிஸ், 1248 சிசி டீசல். பழைய பெட்ரோலில் டைமிங் பெல்ட். மற்ற இரண்டிலும் டைமிங் செயின். ஒன்றின் பம்ப் இன்னொன்றில் உட்காராது.

பெங்களூருவின் பொம்மனஹள்ளியில் இந்தக் குழப்பம் கொஞ்சம் அதிகம். 2010 ஏப்ரல் 1 முதல் பெங்களூரு, சென்னை போன்ற பெருநகரங்களில் பிஎஸ் 4 புகை விதி கட்டாயம் ஆனது. ஓசூர் அந்தப் பட்டியலில் இல்லை. ஓசூர் ரோட்டில் கேஏ நம்பரும் டிஎன் நம்பரும் கலந்தே ஓடுகின்றன. அதனால் வருடத்தை மட்டும் வைத்து இங்கே எதையும் முடிவு செய்யக்கூடாது.

என் வண்டியின் பம்ப் ஒழுகத் தொடங்கியதும் பேகூர் ரோட்டு மெக்கானிக் அண்ணன் முதலில் கேட்டதே, "ஆர்சி இருக்கா சார்? சிசி என்ன போட்டிருக்குன்னு பாருங்க" என்றுதான். அதன்பிறகு இன்ஜின் நம்பரை ஆர்சியில் ஒருமுறை, பிளாக்கில் துணியால் துடைத்து ஒருமுறை ஒப்பிட்டார். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் இதை அவசியம் செய்யவேண்டும். இன்ஜின் எப்போதோ மாற்றப்பட்டிருந்தால், பொருள் வாங்க பிளாக்கில் இருக்கும் இன்ஜினைத்தான் நம்பவேண்டும். ஆர்சியைத் திருத்துவது ஆர்டிஓ வேலை, அது தனி.

அடுத்தது பார்ட் நம்பர். மாருதி பெட்டிகளில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பொருள் என்பதைச் சொல்லும். 17400 என்றால் வாட்டர் பம்ப். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். எந்த மாடலுக்கானது என்பது அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளில்தான் இருக்கிறது. கடைசி எழுத்து மட்டும் மாறியிருந்தால் அது திருத்தப்பட்ட புதுப் பதிப்பாக இருக்கலாம். சேசிஸ் நம்பரின் 17 எழுத்துகளையும் கொடுத்தால் கம்பெனி பார்ட்ஸ் கவுன்டரில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். சேசிஸ் நம்பரில் ஆங்கில எழுத்து 'ஓ' வராது. அப்படித் தெரிந்தால் அது பூஜ்யம்.

பழைய பம்ப்பைக் கழுவி, பையில் போட்டு எடுத்துப் போனேன். பொம்மனஹள்ளியில் மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சை லைனுக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கினால் ஜே.சி. ரோடு பக்கம்தான், ஸ்பேர் கடைகள் வரிசையாக இருக்கும். போல்ட் ஓட்டைகள் பொருந்துகின்றனவா என்று எல்லோரும் பார்ப்பார்கள். நான் அதிகம் கவனித்தது வேறு இரண்டு. உள்ளே தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் இறக்கைகள் ஒரே பக்கம் வளைந்திருக்கின்றனவா, அதன் விட்டமும் உயரமும் ஒன்றா? இரண்டு பம்ப்பையும் பேக்கிங் உட்காரும் முகம் கீழே இருக்கும்படி மேசை விளிம்பில் வைத்தால், புல்லி மாட்டும் தட்டு இரண்டிலும் ஒரே உயரத்தில் நிற்கிறதா? ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். அதில் ஓரிரு மில்லிமீட்டர் தவறினாலும் பெல்ட் ஒரு பக்கமாக ஓடி ஓரம் நைந்துபோகும்.

"எல்லாம் ஒண்ணுதான் சார், மாட்டிக்கலாம்" என்ற பேச்சு டீசலில்தான் மிகுதி. அதே 1248 சிசி டீசல் ஃபியட் புன்டோவிலும் டாடா இண்டிகா விஸ்டாவிலும் இருந்தது உண்மை. ஆனாலும் வெளியே மாட்டும் பிராக்கெட், மவுண்ட், சென்சார் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 75 குதிரைத்திறன் இன்ஜினின் டர்போ 90-க்குப் பொருந்தாது.

பணம் கொடுக்கும் முன்பே, பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டு, அதை பில்லில் எழுதி வாங்குங்கள். கூலன்ட் பட்ட பொருளை யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள். அதனால் பேக்கிங் இல்லாமல் வெறுமனே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: போல்ட்கள் கையாலேயே இறங்கவேண்டும், புல்லி தடையில்லாமல் சுற்றவேண்டும். மாட்டி முடித்ததும் காற்றை வெளியேற்றி, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு, பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஈரம் தொடர்ந்தால் உள்ளே இருக்கும் சீல் சரியில்லை.