சவலைப் பிள்ளையும் அடுத்த பிரசவமும்

தாய் மறுபடி கருவுற்றதனால் காலத்திற்கு முன்னரே பால் மறக்கடிக்கப்பட்டு மெலியும் குழந்தையைத் தமிழ்நாட்டார் 'சவலை' என்பர். மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதற்கொத்த சொல் ஒன்றுண்டு. கோல்டு கோஸ்டு என்னும் நாட்டில் (1957 முதல் அது கானா) பணியாற்றிய வைத்தியர் ஸிஸிலி வில்லியம்ஸ் அம்மையார், சிறு குழந்தைகளுக்குக் கைகால் வீங்கித் தோல் கறுத்து உரியும் வியாதியொன்றை 1933இல் விவரித்தார். 'குவாஷியோர்க்கர்' என்று அந்நாட்டுக் கா மொழியினர் வழங்கிய பெயரையே 1935இல் அதற்கு இட்டார். அடுத்த குழந்தை பிறந்ததும் முன்னதைப் பற்றும் நோய் என்பது அதன் கருத்து. பால் நின்றபின் அக்குழந்தைகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மக்காச்சோளக் கூழே. வைத்திய நூலார் அறியுமுன்னரே இரு தேசத்துத் தாய்மாரும் நோய் வரும் வழியைக் கண்டிருந்தனர்.

பிறந்த வரிசையே தலைவிதி என்று எண்ணுதல் பொருந்தாது. நார்வே தேசத்தில் இராணுவச் சேவைக்கு வந்த வாலிபரின் அறிவுத்திறனை ஆராய்ந்த முடிவு 2007இல் வெளியாயிற்று. மூத்தோர் இளையோரினும் சராசரியில் சிறிதே மேம்பட்டிருந்தனர். ஆயினும் தமையன் சிசுப் பருவத்தில் இறந்துபோக, மூத்தவர் ஸ்தானத்தில் வளர்ந்த இரண்டாம் பிள்ளைகள் மூத்தோருக்கு ஒப்பாகவே இருந்தனர். ஆகவே வேற்றுமை பிறப்பிலன்று, வளர்ப்பிலேயே உளது.

இந்தியக் குழந்தைகளின் உயரத்தை ஆப்பிரிக்கக் குழந்தைகளின் உயரத்தோடு ஒப்பிட்டு, ஸீமா ஜெயச்சந்திரன், ரோஹிணி பாண்டே என்னும் இருவர் 2017இல் எழுதியது இன்னும் கசப்பானது. மூத்த ஆண் பிள்ளையிடம் காணாத குறை இரண்டாம் குழந்தையில் தோன்றிப் பின்னவற்றில் பெருகுகிறது. தலைமகனுக்குக் காட்டும் சலுகையே காரணமென்பது அவர்கள் கொள்கை. பெண் குழந்தையின் தட்டில் முட்டை எத்தனை நாள் விழுகிறது என்பதை வீட்டாரே அறிவர்.

ஒரு பிரசவத்திற்கும் அடுத்த கர்ப்பத்திற்கும் இடையே 24 மாதமேனும் செல்லுதல் வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தார் கூட்டிய நிபுணர்களின் யோசனை. இடையில் கருவுற்றாலும், கர்ப்பம் சாதாரணமாயிருப்பின் உடனே பால் மறக்கடிக்க வேண்டுவதில்லை. கருவுற்றவள் பால் நஞ்சென்பது வீண் அச்சம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுடன், கேழ்வரகுக் கஞ்சியோடு குழைந்த பருப்பு, கீரை, முட்டை இவற்றையும் பலமுறை ஊட்டலாம். சவலையின் வீக்கத்தைச் சிலர் சதைப்பிடிப்பென மகிழ்வதுண்டு. இரு புறங்கால்களையும் விரலால் மூன்று விநாடி அழுத்தியெடுக்க, பள்ளம் நிற்குமாயின் அது நீர்; அன்றே குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.