சேர்க்கை விதியிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள இளம் ஆய்வாளருக்கு,

மனநோய்களைத் தனித்தனிப் பெயர்களாகப் பிரிக்காமல், கூடியும் குறைந்தும் வரும் அளவுகளாகப் பார்க்கும் ஆய்வில் இறங்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். மிக்க மகிழ்ச்சி. இத்துறைக்கு வரும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று பதிலைப் பொதுக் கடிதமாகவே எழுதுகிறேன். எந்த அளவுகோலை எடுப்பது என்று யோசிக்கும் முன், யாரை ஆய்வில் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதைத் தீர்மானியுங்கள். ஆய்வின் தலைவிதி அங்கேதான் எழுதப்படுகிறது.

நோய்ப் பெயர் சூட்டும் பழைய முறையை இகழாதீர்கள். ஒரே நோயாளிக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயர் சூட்டிய காலத்தில், 1980இல் வந்த, மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-3 அறிகுறிப் பட்டியல்களால் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. ஆனால் அதன் பிந்தைய பதிப்புகளின் பட்டியல்களைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பாருங்கள். பெரும் மனச்சோர்வுக்கு 9 அறிகுறிகளில் 5 போதும். அப்படியானால் ஒரே ஓர் அறிகுறி மட்டும் பொதுவாக உள்ள இருவரும் ஒரே நோயின் பெயரைப் பெறலாம். அமெரிக்காவின் பெரிய சிகிச்சை ஆய்வொன்றில் சேர்ந்த 3,703 மனச்சோர்வு நோயாளிகளிடம் 1,030 வெவ்வேறு அறிகுறிச் சேர்க்கைகள் இருந்ததாக ஆய்வாளர்கள் ஃப்ரீடும் நெஸ்ஸேயும் 2015இல் காட்டினார்கள். இத்தனை பேரையும் ஒரே குழுவாக்கி மூளையில் ஒரே காரணத்தைத் தேடினால் என்ன கிடைக்கும்?

இந்த ஐயத்தால்தான் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம், மனநோய்களை அளவுகளாக ஆராயும் ‘ஆர்டாக்’ திட்டத்தைத் தொடங்கியது. டிஎஸ்எம்-5 வெளிவரச் சில வாரங்களே இருந்தபோது, 2013 ஏப்ரலில், நிறுவனத்தின் ஆய்வுகள் டிஎஸ்எம் வகைகளை விட்டு விலகும் என்று அதன் இயக்குநர் தாமஸ் இன்செல் அறிவித்தார். அறிகுறிகள் எப்படிச் சேர்ந்தே வருகின்றன என்பதிலிருந்து படிநிலை அமைக்கும் ‘ஹைடாப்’ என்ற வகைப்பாடு 2017இல் வந்தது.

இவற்றை மேற்கோள் காட்டுவது எளிது; சேர்க்கை விதியை மாற்றுவதுதான் கடினம். வழக்கமான ஆய்வு, மனச்சோர்வுடன் பதற்றமும் உள்ளவரை ‘கலப்பு’ என்று விலக்கும். ஒப்பீட்டுக்கு அறிகுறியே இல்லாதவர்களைச் சேர்க்கும். இரண்டு ஓரங்கள் மட்டும் இருக்கும், நடுப்பகுதி காலியாக இருக்கும். அந்தத் தரவை வைத்துக்கொண்டு, நோய் படிப்படியாகக் கூடுகிறதா, ஓரிடத்தில் சட்டென்று மாறுகிறதா என்று எந்தப் புள்ளியியலாலும் சொல்ல முடியாது.

வேறு வழியில் போன ஒரு மருந்துச் சோதனை ஆய்வைப் படியுங்கள். 2020இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. எதிலும் இன்பம் தோன்றாமை குறிப்பிட்ட அளவைத் தாண்டியதா என்று பார்த்து, மனநிலைக் கோளாறுள்ளவர்களையும் பதற்றக் கோளாறுள்ளவர்களையும் சேர்த்தே எடுத்தார்கள். பரிசை எதிர்பார்க்கும்போது இயங்கும் மூளைப்பகுதியின் செயல்பாட்டை அவர்கள் சோதித்த மருந்து கூட்டியது. ஆனால் அதே மருந்தை மனச்சோர்வுக்குப் பெரிய அளவில் சோதித்தபோது போதிய பலன் தெரியாமல் 2025இல் நிறுத்தினார்கள். நல்ல வடிவமைப்பு நல்ல கேள்வியைத் தரும். வெற்றிக்கு உத்தரவாதம் தராது. இதை மனத்தில் வையுங்கள்.

சேர்த்த பிறகு அளவை வெட்டாதீர்கள். ஒரு மதிப்பெண்ணை நடுவில் வெட்டி ‘அதிகம்’, ‘குறைவு’ என்று இரண்டாக்கினால், பங்கேற்பாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களைத் தூக்கி எறிந்ததற்குச் சமம் என்று புள்ளியியலாளர் ஜேக்கப் கோஹன் 1983லேயே கணக்கிட்டார்.

அளவுகோலையும் சோதியுங்கள். குழுக்களிடையே வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் கணினிச் சோதனைகள் பல, ஒருவரையே சில வாரம் கழித்து மீண்டும் அளந்தால் வேறு எண்ணைத் தருகின்றன. எண்ணாக இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது. உங்கள் பங்கேற்பாளர்களின் மொழியில் சரிபார்க்காத வினாத்தாளை நம்பாதீர்கள்.

மருத்துவமனையில் மட்டும் எல்லைக்கோடு தேவைப்படும். மருந்து கொடுப்பதா வேண்டாமா என்பதற்கு ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். ரத்த அழுத்தம் தொடர்ந்து ஏறி இறங்கும் அளவுதான். ஆனாலும் சிகிச்சைக்கு ஒரு கோடு போடுகிறோம், சான்று மாறினால் அந்தக் கோட்டை நகர்த்துகிறோம். அதைப் போல மனநோயிலும் கோட்டைப் பயன்படுத்துங்கள். இயற்கையே போட்ட கோடு என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

அறநெறிக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதும்போது, விலக்கு விதிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். பங்கேற்பாளரின் பாதுகாப்புக்காக இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் எழுதுகிறார்கள் என்பதற்காக மட்டும் இருப்பதை அடித்துவிடுங்கள். பல நோய்ப் பெயர்களைச் சுமந்து வருவதாலேயே ஆய்வுகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அப்போதுதான் உங்கள் ஆய்வு பதில் தேடத் தொடங்கும்.

அன்புடன்,
உங்கள் துறையின் மூத்த சகா