கிரகணம் செய்த வேலையா?

எங்கள் ஊர் ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லை பக்கத்தில்தான். ஊரில் பாதிப் பேர் தமிழ் பேசுவோம். பாதிப் பேர் தெலுங்கு பேசுவார்கள். நான் மாலையில் எழுத்தறிவு மையத்தில் பாடம் சொல்லித் தருகிறேன்.

எங்கள் மையத்துக்கு ஓர் அக்கா வருவார். ஒருநாள்கூடத் தவற மாட்டார். 2022 டிசம்பர் நடுவில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. மூன்று வாரம் கழித்து, மையத்துப் பெண்கள் நாலைந்து பேரோடு பார்க்கப் போனேன்.

குழந்தையை முந்தானையால் மூடி வைத்திருந்தார். விலக்கச் சொன்னோம். மேல் உதடு இரண்டாகப் பிளந்திருந்தது. வாய்க்குள் மேல் அண்ணத்திலும் பிளவு. குழந்தை அழுதது. அழுகை பூனைக்குட்டி சத்தம்போல இருந்தது. பால் கொடுத்தால் மூக்கு வழியாக வந்துவிடுகிறது என்றார்.

மாமியார் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"கிரகணத்தன்னைக்குக் கத்தரிக்காய் நறுக்காதடின்னு சொன்னேன். கேட்டாளா? இப்போ பாரு, மூளிப் பிள்ளை" என்றார்.

நம் பக்கத்தில் இதைக் 'கிரகண மூளி' என்பார்கள். தெலுங்கில் 'கிரகணம் மொர்ரி' என்பார்கள். பெயரிலேயே பழியை வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நானும் ஒரு பையனை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். அன்று அந்த வீட்டில் அது நினைவுக்கு வந்தது. தலை குனிந்து நின்றேன்.

பழியைப் பிறகு பார்க்கலாம். முதலில் குழந்தையின் பசி. பிறந்தபோது எடை 2 கிலோ 600 கிராம். அன்று 2 கிலோ 400 கிராம்தான். பிறந்த சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது உண்டு. ஆனால் இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிட வேண்டும். இந்தக் குழந்தை பட்டினியாகக் கிடந்தது. வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "விடுங்க, அது தங்காது" என்று சொல்லிவிட்டும் போயிருக்கிறார்.

ஆஷா பணியாளரை அழைத்து வந்தோம். அவர் விளக்கினார்.

உதட்டில் மட்டும் பிளவு இருந்தால், பெரும்பாலும் குழந்தை தாயிடம் பால் குடித்துவிடும். அண்ணத்திலும் பிளவு இருந்தால் உறிஞ்ச முடியாது. நாம் உறிஞ்சுகுழலில் இளநீர் குடிக்கிறோம். குழலில் ஓட்டை இருந்தால் இளநீர் ஏறுமா? காற்றுதான் வரும். அதுபோலத்தான் இதுவும். குழந்தை பாலை வெறுக்கவில்லை. அதனால் இழுக்க முடியவில்லை.

அதனால் தாய்ப்பாலைச் சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சி எடுக்க வேண்டும். கொதிக்க வைத்துக் கழுவிய பாலாடையாலோ கரண்டியாலோ கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். படுக்க வைத்துப் புகட்டவே கூடாது. மூச்சுக்குழாயில் பால் போய்விடும். தலையைத் தாங்கி, நிமிர்த்தி, மடியில் உட்கார்ந்ததுபோல் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் குழந்தைகள் காற்றை அதிகமாக விழுங்கும். அடிக்கடி நிறுத்தி, தோளில் போட்டுத் தட்டி, ஏப்பம் விடச் செய்ய வேண்டும். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம்.

மாமியார் எழுந்து உள்ளே போனார். பரணில் இருந்த பழைய பித்தளைப் பாலாடையை எடுத்துவந்து புளி போட்டுத் தேய்த்தார். ஆஷா பணியாளர் அதை வேண்டாம் என்றார். துருப்பிடிக்காத எவர்சில்வர் பாலாடை வாங்கி வந்தோம். அன்று முதல் புகட்டும் வேலை பாதி மாமியாருடையது ஆனது.

அடுத்த வாரம் மையத்தில் இதே பேச்சுதான். சுவரில் 2022 நாட்காட்டி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கணக்குப் பாடத்தை அதில் நடத்தினேன்.

"கிரகணம் என்று வந்தது?"

"தீபாவளிக்கு மறுநாள், அக்டோபர் 25. பொழுது சாயும் நேரம்" என்றார் ஒரு பெரியம்மா.

"குழந்தை டிசம்பர் நடுவில் பிறந்தது. ஒன்பது மாதம் பின்னால் போங்கள்."

விரல் விட்டு எண்ணினார்கள். மார்ச் நடு.

குழந்தையின் முகம் ஒரே துண்டாக வளர்வதில்லை. இரண்டு பக்கமிருந்தும் சதை வளர்ந்து வந்து நடுவில் ஒட்டுகிறது. உங்கள் மூக்குக்குக் கீழே தொட்டுப் பாருங்கள். சிறு பள்ளம் தெரியும். அதன் இரு ஓரத்திலும்தான் ஒட்டு. உதடு நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் ஒட்டிவிடும். அண்ணம் ஆறாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள் ஒட்டும். அந்தச் சமயத்தில் ஒட்டாமல் போனால் பிளவு. பல பெண்களுக்கு வயிற்றில் பிள்ளை இருப்பதே சரியாகத் தெரியாத நேரம் அது.

மார்ச் நடுவிலிருந்து ஒன்பது வாரம் எண்ணினால் மே மாதம். அந்த இடைவெளியில் இந்தியாவில் தெரிந்த கிரகணம் ஒன்றுகூட இல்லை. அக்டோபரில் கத்தரிக்காய் நறுக்கியபோது பிளவு உண்டாகி ஐந்து மாதம் ஆகிவிட்டது.

பெரியம்மா லேசில் விடமாட்டார். "சரி. ரெண்டாம் மாசத்திலேயே கிரகணம் வந்திருந்தா?" என்றார்.

நல்ல கேள்வி. சூரிய கிரகணம் என்பது நிலவின் நிழல். மரத்து நிழல் நம்மேல் விழுவதுபோல் அதுவும் விழுந்து போகிறது. வெறும் கண்ணால் சூரியனைப் பார்த்தால் கண் கெடும். அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கிரகணத்துக்குப் பயப்படாத நாடுகளிலும் உதட்டுப் பிளவு உண்டு. ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி இருக்கிறது.

பின் எதனால் வருகிறது? பரம்பரைக் கூறு ஒரு காரணம். தாய் புகைபிடிப்பது, கட்டுப்படாத சர்க்கரை நோய், சில வலிப்பு மாத்திரைகள் ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டும். வலிப்புக்கு மருந்து சாப்பிடும் பெண்கள் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. அது ஆபத்து. கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டு மருந்தை மாற்றிக்கொள்ளலாம். பல சமயம் காரணம் ஒன்றுமே புலப்படாது. அப்போதும் தாய்மேல் குற்றம் இல்லை. பிறவிக் குறைகள் சிலவற்றுக்கு நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்வதும் வாய்ப்பைக் கூட்டுகிறது. இதைச் சொன்னபோது வகுப்பில் யாரும் பேசவில்லை. மாமனைக் கட்டியவர்கள் மூன்று பேர் அங்கே இருந்தார்கள்.

அக்கா முதலில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தார். "பையன் வளர்ந்த பிறகு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அது தவறான பேச்சு. உதட்டுக்கு மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யலாம். குழந்தை சுமார் நாலரை முதல் ஐந்து கிலோ எடை இருக்க வேண்டும். இரத்தசோகை இருக்கக் கூடாது. அண்ணத்துக்கு ஒன்பதிலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் செய்ய வேண்டும். பேச்சு வருவதற்கு முன் செய்தால்தான் சொல் தெளியும். இல்லையென்றால் பேச்சு மூக்கால் வரும். பிறகு பேச்சுப் பயிற்சியும் காது சோதனையும் தேவைப்படும். இந்தக் குழந்தைகளுக்குக் காதுக்குள் நீர் கோத்துக்கொள்வது அதிகம்.

பணம்? 2013 முதல் மத்திய அரசின் ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டம் இருக்கிறது. பிறந்தது முதல் 18 வயது வரை பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். வளைந்த பாதம், கண்ணில் பிறவிப் புரை, காது கேளாமை, இதயத்தில் ஓட்டை எல்லாம் இதில் அடங்கும். வளைந்த பாதத்துக்குப் பிறந்த சில வாரத்திலேயே மாவுக்கட்டு தொடங்கினால் பெரிய அறுவை பெரும்பாலும் தேவைப்படாது. பால் குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ உடனே ஓட வேண்டும்.

உத்தரப்பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கத்துச் சிறுமி பிங்கி. உதட்டுப் பிளவால் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தாள். வாரணாசியில் இலவசமாக அறுவை சிகிச்சை நடந்தது. அவளைப் பற்றி எடுத்த 'ஸ்மைல் பிங்கி' என்ற குறும்படம் 2009-ல் ஆஸ்கர் பரிசு பெற்றது. அந்தக் கதையை அக்காவுக்குச் சொன்னேன். "பரிசு இருக்கட்டும், பால் குடிச்சாளா?" என்று கேட்டார்.

பாலாடையில் புகட்டியதில் குழந்தையின் எடை ஏறியது. 2023 ஏப்ரலில் உதடும், 2024 ஜனவரியில் அண்ணமும் தைத்தார்கள். பையன் இப்போது அங்கன்வாடிக்குப் போகிறான். 'ப' நன்றாக வருகிறது. 'க' இன்னும் தகராறு. பாட்டிதான் பேச்சுப் பயிற்சிக்குப் பஸ்ஸில் கூட்டிப் போகிறார். வழியெல்லாம் "காக்கா, காக்கா" என்று சொல்ல வைக்கிறார்.

பயிற்சி

1. உங்கள் பிள்ளை பிறந்த தேதியிலிருந்து ஒன்பது மாதம் பின்னால் எண்ணுங்கள். உதடு எந்த மாதத்தில் உருவாகியிருக்கும்?

2. பாலாடையில் புகட்டும்போது குழந்தையை எப்படிப் பிடிக்க வேண்டும்? ஒரு துணிப் பொம்மையை வைத்துச் செய்து காட்டுங்கள்.

3. உங்கள் ஊர் ஆஷா பணியாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இங்கே எழுதுங்கள்: ..........................